ரசத்தில் கிடந்த பல்லி

ஓமலூர்ச் சின்னாயிக்கு அடுப்பு நெருப்பைக் கண்டு பயமில்லை. அதட்டிப் பேசும் ஆட்களைக் கண்டால்தான் பயம். இருபத்திரண்டு வயதில் புருஷனை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தவள். கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் போய் முந்நூறு இலைக்குச் சமைத்துப் போடுவாள். அவள் கைப்பக்குவத்தைப் பற்றி ஊரே பேசும். அவள் மட்டும் பேசமாட்டாள்.

1937 பங்குனியில் வெண்ணந்தூர்ப் பக்கத்தில் குமாரசாமிக் கவுண்டர் வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து. பாத்திரம் பண்டமெல்லாம் கவுண்டரின் காரியக்காரன் சின்னண்ணன் பொறுப்பு. ரசம் வைக்கப் பித்தளை அண்டாவைப் புரட்டிப் பார்த்த சின்னாயிக்குத் திக்கென்றது. உள்ளே ஈயப் பூச்சு திட்டுத் திட்டாகத் தேய்ந்து போயிருந்தது. சின்னண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஏனுங்க, இதுக்கு ஈயம் பூசலீங்களா? புளி ஊத்துனாக் களிம்பேறி வெசமாப் போயிருமுங்க."

"பூசறவன் வரலே. இருக்கறதுல ஆக்கு. ஆக்க வந்தவளுக்கு எதுக்கு இந்த நாயமெல்லாம்?"

அவன் குரல் உயர்ந்ததும் சின்னாயி குனிந்து புளியைக் கரைத்தாள். ரசம் அந்த அண்டாவிலேயே கொதித்தது.

பந்தி முடிந்து ஒரு நாழிகை ஆகவில்லை, பந்தலில் ஒரு குழந்தை குமட்டியது. பிறகு நாலு பேர். பிறகு இருபது பேர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ட இடத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார்கள். காதில் புதுத் தோடோடு கவுண்டரின் பேரன் கண் செருகித் துவண்டு கிடந்தான். சமையலில்தான் என்னவோ இருக்கிறது என்று ஆளாளுக்குச் சட்டிபானைகளைக் கிளறினார்கள். எங்கோ போயிருந்து வேர்வையோடு திரும்பிய சின்னண்ணன், கரண்டியை அண்டாவுக்குள் விட்டுத் தூக்கி, "பல்லி! ரசத்துல பல்லி கெடக்குதுங்க!" என்று அலறினான்.

அத்தனை பேரும் சின்னாயியைத்தான் பார்த்தார்கள். யாரோ அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். தானிய மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் தள்ளி வெளியே நாதாங்கி போட்டார்கள்.

இருட்டறை. பல்லி விழுந்த சோறு ஆளைக் கொல்லும் என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். மூடி விலகியிருந்ததோ? கண்ணயர்ந்துவிட்டோமோ? யோசிக்க யோசிக்க ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெளியே கவுண்டரின் மனைவி மயிலம்மாள், "சாமி, கண்ணத் தொற சாமி" என்று பேரனைக் கூப்பிடுவது கேட்டது. அந்தக் குரல் ஒப்பாரியாக மாறினால் தன் கதை முடிந்தது. ராசிபுரத்துப் போலீஸ் வரும். அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். மயிலம்மாளின் குரல் நின்ற போதெல்லாம் சின்னாயிக்கு மூச்சும் நின்றது. ஒருமுறை உட்கார்ந்த இடத்திலேயே சேலை நனைந்துவிட்டது. அதற்கு வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பக்கத்திலிருந்த அலவாய்மலை அடிவாரத்தில் ஒரு மாதமாக வெங்கடாசலம் என்ற கல்லூரி வாத்தியார் தங்கியிருந்தார். பல்லிகளைப் பிடித்துச் சாராயப் புட்டிகளில் போட்டு வைப்பது அவர் வேலை. போலீசுக்கு ஆள் விடுமுன், இது எவ்வளவு விஷம் என்று கேட்க அவரைக் கூட்டிவந்தார் கவுண்டர். சின்னாயியையும் வாசலுக்கு இழுத்து வந்து நிறுத்தினார்கள்.

வாத்தியார் சுண்டுவிரல் நீளமிருந்த அந்தப் பல்லியை வாழையிலையில் கிடத்திப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு தன் புட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாத்தையும் பல்லின்னு ஒத்தப் பேர்ல சொல்லிப்போடறோம். இதுல எத்தனையோ சாதி இருக்குதுங்க. புட்டியில இருக்கறது ஊட்டுப் பல்லி. விரல் அடியில பட்டையா இருக்குது பாருங்க, அதுலதான் விட்டத்துல ஒட்டிக்கும். இதுக்கு அந்தப் பட்டை இல்ல. விரலெல்லாம் மெலிசா வளைஞ்சிருக்குது, கண்மணியும் வட்டம். இது பகல்ல பாறை நெழல்ல திரியற சாதி. ஊட்டுப் பக்கமே வராது."

"அப்பறம் எப்படீங்க அண்டாவுக்குள்ள வந்துச்சு?" என்றார் கவுண்டர்.

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா கொதிக்கறப்ப உழுந்திருந்தாத் தோல் வெந்திருக்கும். இது வேகவே இல்ல. ஆறுன பொறகு உழுந்ததுதான். பல்லிக்கு வெசமும் கெடையாதுங்க."

கவுண்டர் சின்னாயி பக்கம் திரும்பினார். "உனக்கு எதாச்சும் தெரியுமா?"

சின்னண்ணன் அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். சொன்னால் இவன் விடமாட்டான். சொல்லாவிட்டால் ஊர் விடாது. உள்ளே குழந்தை மறுபடி குமட்டும் சத்தம் கேட்டது.

"அண்டாவத் தொடச்சுப் பாருங்க சாமி," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

கவுண்டர் ரசத்தைக் கவிழ்த்துவிட்டு வேட்டி நுனியால் உட்புறத்தைத் தேய்த்தார். துணியில் பச்சையாகக் களிம்பு வந்தது. பந்தலோரம் நின்ற ஆட்டுக்காரன் காத்தான் தயங்கித் தயங்கி வாய் திறந்தான்: "உச்சி வெயில்ல சின்னண்ணன் கரட்டுப் பாறையில துண்ட வீசி எதையோ புடிச்சிட்டு இருந்தாருங்க."

சின்னண்ணன் கவுண்டர் காலில் விழுந்தான். "களிம்பு வெசயம் தெரிஞ்சா என்னைய அடிச்சே கொன்னுருவீங்கன்னு பயந்துட்டனுங்க. ஊட்டுப் பல்லியெல்லாம் ஓட்டுக்குள்ளாற பூந்துக்கிச்சு, ஒண்ணுங் கெடைக்கலீங்க."

விடியும் மட்டும் இளநீரும் மோரும் புகட்டினார்கள். ஒரு உயிரும் போகவில்லை. சின்னண்ணனை ஊரைவிட்டே துரத்தினார்கள்.

காலையில் வாத்தியார் சின்னாயியிடம் வந்தார். "இந்தப் பல்லி எங்கிட்ட இருக்கற எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. புதுச் சாதின்னு ஆச்சுன்னா அதுக்கு ஒரு பேர் வெச்சு எழுதணும். உம்பேரையே வெக்கட்டுமா?"

சின்னாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "வேண்டாமுங்க சாமி. அச்சுல போட்டுருவாங்க. படிக்கறவங்க, ரசத்துல கெடந்த பல்லி சின்னாயின்னு சொல்லுவாங்க. அப்பறம் ஒருத்தரும் என் சோத்தத் திங்கமாட்டாங்க. மலை பேர வெச்சுக்குங்க. மலைய ஆரும் அடிக்கமாட்டாங்க."

சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

பிறகும் பல வருஷம் அவள் சமைத்துப் பிழைத்தாள். அந்த ஊருக்கு மட்டும் போகவில்லை. கவுண்டர் இரண்டு தடவை வண்டி அனுப்பினார். இரண்டு தடவையும் காய்ச்சல் என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.