பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளை

இன்று பனிச்சங்கேணி பஸ்ஸில் பக்கத்திலிருந்த இளம்பெண் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் வேலைப் படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

"இத நிரப்பித் தாங்களன் சேர். எனக்கு வாசிக்க வராது. என்னத் தெரியல்லயா? பள்ளியில ரெண்டாம் ஆண்டுல உங்கட வகுப்புத்தான் நான்."

பெயரை எழுதும்போது நினைவு வந்தது.

மேற்பார்வைக்கு அதிகாரிகள் வரும் நாளில், வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடாது என்பார் பள்ளி அதிபர். நான் அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவேன்.

அவள் சிரித்தாள். "பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்த என்னத்தானே சேர் கூப்பிடுவீங்க! உங்களுக்கு விருப்பமான பிள்ள நானெண்டு அம்மாட்டச் சொல்லித் திரிஞ்சன்."

தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் இருத்தி எழுத்துக் காட்டியிருந்தால் போதும்.

பொன்னாடையோடு ஓய்வுபெற்ற அந்த அதிபரை இன்றுவரை திட்டுகிறேன். ஆனால் பெயர் சொல்லி அனுப்பியது நான்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியில் இப்போது யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?