தலையைத் தாங்கிய கை

சினிமாக் கம்பெனிகளில் அவருக்குப் பெயர் பொணம். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். மூன்று வேளையும் சாப்பிடுகிறார், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறார், முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறார். இருந்தாலும் துணை நடிகர்களைப் பிடித்துத் தரும் ஏஜெண்டு போன் பண்ணினால், "பொணம் இருக்காரா?" என்றுதான் கேட்பான். மனைவி எடுத்துவிட்டால் தீர்ந்தது. "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அவனை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனைக் கணவர் கையில் கொடுப்பாள்.

போர்ப் படம் எடுக்கிறவர்களுக்கு இவரை விட்டால் ஆளில்லை. களத்தில் நூறு பேர் செத்துக் கிடக்க வேண்டும், கேமரா தரையை ஒட்டி ஊர்ந்து வரும். அந்த நேரம் பார்த்து ஒருத்தனுக்கு இமை துடிக்கும், ஒருத்தனுக்கு வயிறு ஏறி இறங்கும், ஒருத்தன் தும்முவான். பொய் ரத்தம் சர்க்கரைப் பாகில் காய்ச்சுவது, வெயில் ஏற ஏற எறும்பு மொய்த்துவிடும். எறும்பு காதுக்குள் போனாலும் இவர் அசையமாட்டார். "எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்று பக்கத்துப் பிணங்கள் கேட்டால், "படுத்துக் கெடக்கிறதுக்கு எதுக்குப்பா படிப்பு?" என்று மழுப்பிவிடுவார்.

கற்றுக்கொண்டது நிஜப் போரில். இந்த நாட்டுக்காக யூனிபார்ம் போட்டுச் சண்டைக்குப் போன மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு படத்திலாவது நம் ராணுவத்துச் சட்டை கிடைத்திருக்க வேண்டாமா? கிடைக்கவில்லை. காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஏஜெண்டு பிரிப்பான். நல்ல முகமெல்லாம் இந்தப் பக்கம், மிச்சமெல்லாம் எதிரிப் பக்கம். போரில் தாடையில் பாய்ந்த குண்டு இவர் முகத்தை ஒரு பக்கமாகக் கோணி வைத்திருந்தது. நாட்டுக்காகக் கோணிய முகத்தை நாட்டுக்கு எதிரி முகம் என்று சொல்ல அவனுக்கு நாக்குக் கூசவில்லை. நம் சட்டை இஸ்திரி போட்டு வரும். எதிரிச் சட்டை போன படத்து வேர்வையோடு அப்படியே மூட்டையிலிருந்து வரும். சாப்பாட்டுப் பொட்டலமும் நம் ராணுவத்துக்குத்தான் முதலில். எதிரிக்கு ஆறிப்போனது.

எதிரி நாட்டிலும் சினிமா எடுக்காமலா இருப்பார்கள்? அங்கேயும் ஒரு ஏஜெண்டு இருப்பான். அங்கே நாற்றச் சட்டை நம் ஆட்களுக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் குண்டடி பட்டது ஒரு மேட்டுச் சரிவில். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் விழுந்துவிட்டார்கள். மேலேயிருந்து எதிரி எதிலாவது அசைவு தெரிந்தால் சுட்டுக்கொண்டேயிருந்தான். வாய் நிறைய ரத்தத்தோடு, செத்தவர்களோடு செத்தவராக, பகல் முழுக்க அப்படியே கிடந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் மேலேயிருந்து ஒருத்தன் தனியாக இறங்கி வந்தான். ஒவ்வொரு உடம்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவன் இவருக்குப் பக்கத்தில் வந்து மண்டி போட்டான். முடிந்தது கதை என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்காமல் போகவே இமையிடுக்கில் பார்த்தார். வந்தவனுக்கு இவர் வயதுதான் இருக்கும். உதடெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. துப்பாக்கியைத் தரையில் வைத்தான். இடது கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்துத் தலையைத் தூக்கினான். தொண்டைக்குள் ரத்தம் இறங்கிவிடாமல் முகத்தை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தான். இடுப்பிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பல்லால் மூடியைத் திறந்து, சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டான். அவன் பாஷையில் ஏதோ சொன்னான். இவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் திட்டவில்லை என்பது மட்டும் புரிந்தது. அப்புறம் வெடிச் சத்தம் கேட்டது. அவன் இவர் நெஞ்சின் மேலேயே சரிந்தான். மீதித் தண்ணீர் இவர் சட்டையில் கொட்டியது.

தூரத்திலிருந்து சுட்டவர், மிச்ச ஆட்களோடு அப்போதுதான் மேட்டடிக்கு வந்து சேர்ந்திருந்த இவருடைய கேப்டன்.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டி ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். இவர் வாயைத் திறப்பதற்குள் ஊருக்கே கதை தெரிந்துவிட்டது. குற்றுயிராகக் கிடந்த வீரனின் கழுத்தை அறுக்கக் கத்தியோடு வந்த எதிரியைக் கேப்டன் ஒரே குண்டில் வீழ்த்தினார் என்று பேப்பரில் போட்டார்கள். பதக்கம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பாடமாகவும் வந்தது. கம்பியை எடுத்ததும் இவர் முதல் வேலையாக விசாரிக்க வந்த அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னார். "காய்ச்சல் வேகத்தில் அப்படித்தான் தோணும், ரெஸ்ட் எடு" என்று அவர் போய்விட்டார்.

பெண் கொடுத்ததும் அந்தக் கதையை வைத்துத்தான். கேப்டன் காப்பாற்றிய ஆள் என்றால் சும்மாவா? மனைவி வரும்போதே கேப்டனின் பேப்பர் படத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். "இவர் இல்லேன்னா எனக்கு வாழ்க்கை ஏது?" என்று அதை முன்னறையில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டினாள். ஒட்டடை அடிக்காத வாரம் உண்டு, அந்தப் படத்தைத் துடைக்காத வாரம் கிடையாது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் இவர் அவளிடம் உண்மையைச் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் மூடியைப் பல்லால் திறந்தது வரைக்கும் சொன்னார்.

அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு அடிபட்டது தாடையிலயா, தலையிலயா?"

"நெஜமாத்தான் சொல்றேன்."

"உசுரைக் காப்பாத்தின மனுஷனைப் பொய்யராக்கிட்டு, கொல்ல வந்தவனுக்குக் கோயில் கட்டுறீங்களே! யார்கிட்டயும் சொல்லி வைக்காதீங்க, சிரிப்பாங்க."

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. ஆனால் மனசு ஆறவில்லை. தனக்குத் தண்ணீர் கொடுத்ததற்காகச் செத்தவனைத் தன் வீட்டுக்குள்ளேயே தினமும் கொலைகாரன் என்கிறார்களே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டேயிருந்தது. ஊர் நம்பாவிட்டால் போகட்டும். இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அப்படியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் ஏஜெண்டு போன் பண்ணினான்.

"பெரிய படம்ணே. இந்தத் தடவை பொணமா மட்டும் இல்ல, சாகிறதுக்கு முன்னாடி கொஞ்சம் உசுரோடவும் வர்றீங்க. முகம் நல்லாத் தெரியும்."

"என்ன வேஷம்?"

"எதிரிதான். பின்ன உங்களை மாப்பிள்ளையாவா போடுவாங்க?"

படப்பிடிப்புக்குப் போனால், அது கேப்டனின் கதை. உதவி இயக்குநர் காட்சியை விளக்கினார். அடிபட்ட வீரன் கிடக்கிறான், எதிரி கத்தியோடு குனிகிறான், ஹீரோ தூரத்திலிருந்து சுடுகிறார். தான் கிடந்த இடத்தில் தாடியை மழித்துப் பவுடர் போட்ட ஒரு இளம் நடிகர் படுத்திருந்தார். தன்னைக் கொல்ல வருகிறவனாகவும் தானே நடிக்க வேண்டும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

இவருக்கு ஒட்டுத்தாடி ஒட்டி, ரப்பர் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். கேமரா ஓடியது. இவர் போய் மண்டி போட்டார். அவ்வளவுதான், இடது கை தானாகப் போய் நடிகரின் கழுத்துக்கு அடியில் நுழைந்து தலையைத் தூக்கி, முகத்தை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தது.

"கட், கட்! யோவ், கொல்லப் போறியா, கொழந்தைக்கு மருந்து கொடுக்கப் போறியா?" என்று இயக்குநர் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுபடியும் எடுத்தார்கள், மறுபடியும் அதேதான். முடியைப் பிடித்து இழு என்றார் இயக்குநர். இழுக்கத்தான் போனார், கை கழுத்துக்குத்தான் போயிற்று. எத்தனையோ படத்தில் சொன்னதைச் செய்த கை அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கடைசியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "சார், அவன் கையில கத்தி இல்ல. தண்ணி பாட்டில்தான் இருந்துச்சு."

"எவன் கையிலய்யா?"

"இப்படிக் கீழ கெடந்தது நான்தான் சார்."

படத்துக்கு ஆலோசனை சொல்ல வந்திருந்த கேப்டன் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவரை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். கிழவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒட்டுத்தாடியைப் பிய்த்துத் தாடைத் தழும்பைக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீயா! உசுரோடதான் இருக்கியா? என் புண்ணியம்தான்யா!"

"இருக்கேன் சார். உங்களாலயும் இருக்கேன், அவனாலயும் இருக்கேன்."

கேப்டனின் சிரிப்பு நின்றுவிட்டது. "அங்கேருந்து பாத்தா எனக்கு என்னய்யா தெரியும்? எதிரி யூனிபார்ம் தெரிஞ்சுது. உன் மேல குனிஞ்சான், சுட்டேன். என் எடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"சுட்டிருப்பேன் சார். அதை நான் கேக்கல. அப்புறம் கிட்ட வந்து பாத்தீங்களே? மூடி தெறந்த பாட்டில் அவன் கையிலயே இருந்துச்சே?"

கிழவர் கைத்தடியைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். "பாத்தேன்" என்றார் கடைசியில். "கத்தின்னு நான் சொல்லலய்யா. அவங்களா எழுதினாங்க. நான் இல்லேன்னு சொல்லல. சொல்ற நேரம் தாண்டிப் போச்சு."

"இப்பச் சொல்லுங்க சார்."

கேப்டன் இயக்குநரைப் பார்த்தார். "அவர் சொல்றபடியே எடுங்க" என்றார்.

ரப்பர் கத்தி போய்த் தண்ணீர் பாட்டில் வந்தது. ஒரே தடவையில் காட்சி முடிந்தது. தலையைத் தூக்கினார், முகத்தைச் சாய்த்தார், பல்லால் மூடியைத் திறந்தார், சொட்டுச் சொட்டாக விட்டார். வெடித்ததும் நடிகருடைய நெஞ்சின் மேல் சரிந்தார். லைட் பிடித்தவர் மூக்கை உறிஞ்சினார். இயக்குநரே ஓடி வந்து தோளைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, என் வாழ்நாள்ல இப்படி ஒரு ஷாட் எடுத்ததில்ல" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு நம் ராணுவத்தோடு, சூடாகக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தவர் கால் தரையில் படவில்லை. "படம் வரட்டும், உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மனைவியிடம். அவள் இவர் படங்களைப் பார்ப்பதில்லை. கட்டின புருஷன் செத்துக் கிடப்பதைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா என்பாள். கேப்டன் கதை என்றதும் சரி என்றுவிட்டாள். இவரும் என்ன வருகிறது என்று சொல்லவில்லை. நான் சொன்னால் நம்பமாட்டாள், சினிமாவில் வந்தால் நம்புவாள் என்று அவருக்குத் தெரியும். ஊரே அப்படித்தானே இருக்கிறது?

படம் வந்த வாரத்தில் மத்தியானக் காட்சிக்குப் போனார்கள். அவள் நல்ல புடவை எடுத்துக் கட்டியிருந்தாள். அந்தக் காட்சி நெருங்கும்போது இவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நீங்களா அது!" என்று அவள் அவர் கையைப் பற்றினாள்.

திரும்பித் திரையைப் பார்த்தார். தாடியும் கலங்கிய கண்ணுமாக இவரேதான் மண்டி போட்டிருந்தார். இடது கை கழுத்துக்கு அடியில் போனது. தலையைத் தூக்கியது. முகத்தை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தது. அடுத்து திரை முழுக்க ஒரு கை மட்டும் வந்தது. நகம் வெட்டிய, வழவழப்பான, யாரோ ஒருவருடைய கை. அது உறையிலிருந்து கத்தியை உருவியது. மறுபடி இவர் முகம். இவர் சிரிக்கவேயில்லை, ஆனால் யாரோ ஒருத்தன் குரலில் மெல்லிய சிரிப்பை அதில் சேர்த்திருந்தார்கள். தலையைச் சாய்த்ததெல்லாம் கழுத்தை வாகாகக் காட்டத்தான் என்று ஆகிவிட்டது. முடியைப் பிடித்து இழுத்திருந்தால்கூட இவ்வளவு கொடூரமாக இருந்திருக்காது. பாட்டிலை எங்கேயும் காணோம்.

ஹீரோ சுட்டார். தியேட்டர் எழுந்து நின்று விசிலடித்தது. பின்னால் ஒருத்தன், "சாவுடா நாயே!" என்று கத்தினான். செத்தவனை அவர்கள் இரண்டாம் தடவையும் கொன்றார்கள், இந்தத் தடவை இவர் கையைக் கொண்டே.

மனைவி அழுதுகொண்டிருந்தாள். "எனக்கே உங்களைப் பாத்துப் பயமாயிருச்சுங்க. அந்தப் பாவி உங்க தலையை இப்படித்தான் பிடிச்சானா?"

"ஆமா" என்றார் அவர். "இப்படித்தான் பிடிச்சான்."

"இப்பவாவது நம்புறீங்களா?" அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "தண்ணி, தண்ணின்னு சொன்னீங்களே. பாத்தீங்களா, கத்திதான். காய்ச்சல்ல உங்களுக்கு அப்படித் தோணியிருக்கு."

அவர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். படம் முடிகிறவரைக்கும் இமை துடிக்காமல், மூச்சு விடுவது தெரியாமல், அப்படியே கிடந்தார். அதில் அவரை அடித்துக்கொள்ளத்தான் ஆள் கிடையாதே.