மூங்கிலும் கம்பளியும்

மலைமேல் இருக்கும் ஊருக்கு யார் கண்ணிலும் படாமல் ஏறிவிடலாம் என்று நம்பினேன். மரம் இருக்கும், புதர் இருக்கும், மறைவாகப் போய்விடலாம். அம்பத்தூர் எஸ்டேட்டையும் ஆவடி ரயிலையும் தவிர உலகம் தெரியாதவன் புத்தி அப்படித்தான் போகும்.

மறைவாகப் போக எனக்குக் காரணம் இருந்தது. எண்பதுகளின் கடைசி. பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டிய என் நண்பனின் இடது கை அடிபட்டிருந்தது. நசுங்கிய இரண்டு விரல்களை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கையே போய்விடும் என்றார் டாக்டர். அவனோ அம்மா வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அம்மா இருந்தது திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு மலை உச்சியில். அழைத்துவரக் கிளம்பியவன் நான். அடிபட்ட நேரத்தில் பக்கத்தில் நின்று அவனுக்குச் சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

டீக்கடையில் இன்னொரு பட்டறைக்காரன் பயமுறுத்தினான். "மாமே, உன் கதைக்குத்தான் சிரிச்சான்னு அங்க உளறிடாத. கட்டி வெச்சிடுவாங்கோ."

"போடா, மெஷின நானா மிதிச்சேன்?"

"அத அவங்கோகிட்ட சொல்லு. முழுசா வந்தா டீ என் கணக்கு."

காலையில் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஒற்றையடிப் பாதை. கால் மணிக்கொரு தரம் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். ஆறாவது பாறையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், மேலேயிருந்து நான்கு பேர் வேகமாக இறங்கி வந்தார்கள். கையில் நீள மூங்கில், கம்பளி, கயிறு. கட்ட ஒன்று, மூட ஒன்று, தூக்கிக்கொண்டு போக ஒன்று என்று புரிந்துகொண்டேன். இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினேன்: "நான் மெஷின்ல கையே வெக்கலங்க! அவன்தான் சிரிச்சிட்டான்!"

நால்வரும் நின்றார்கள். அந்த ஊரிலிருந்து மெஷின் வேலைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். பெரியவர் ஒருவர் என் நண்பனின் பெயரைச் சொல்லிக் கேட்டார். "உசுரு இருக்குதா?"

"கீதுங்க."

"எதுல அடி?"

"ரெண்டு வெரலு. அம்மாவ இட்டுக்கினு வரச் சொன்னான்."

அவர் கம்பளியின் இரண்டு முனைகளையும் மூங்கிலில் கட்டித் தூளியாக்கினார். பிறகு, "நீ நடப்பியா?" என்றார். நடப்பேன் என்றேன். "அப்ப இந்தத் தூளி அந்தம்மாவுக்கு ஆவும். அதுக்கு முட்டி புடிச்சுக்கிச்சு."

மேலே போன பிறகுதான் விளங்கியது. பதினைந்து வீடுகள், மண் சுவர், புல் கூரை. விளிம்பில் ஒரு பலா மரம். அதன் கீழ் நின்றால் பஸ் நிற்கும் இடம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. நான் உட்கார்ந்த ஆறு பாறைகளும் தெரிந்தன. ஏறி வருகிறவர் மூன்று தரத்துக்கு மேல் உட்கார்ந்தால் உடம்பு முடியாதவர் என்று அந்த ஊரில் தூளி அனுப்பிவிடுவார்கள். யார் வீட்டுக்கு வருகிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. சுற்றிலும் சாமைக் கதிர் காற்றில் படுத்து எழுந்தது. சுனைத் தண்ணீர் ஒரு சொம்பு கொடுத்தார்கள். பல் கூசியது. எங்கள் பேட்டையில் தெருமுனையில் விழுந்து கிடந்தாலும் பஸ் போகட்டும் என்றுதான் நகர்த்துவார்கள். நானும் நகர்த்தியிருக்கிறேன்.

நால்வரில் ஒருவர் முன்னால் ஏறிச் சேதி சொல்லியிருந்ததால், நண்பனின் அம்மா அதற்குள் துணி மூட்டையோடு வாசலில் நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிரிப்புக் கதை சொல்றவன் நீதானா?"

"ஆமாம்மா."

"பொங்கலுக்கு வந்தப்ப அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்." அவ்வளவுதான். தூளியில் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் ஒருவர் தோள் மாற்றினார். மூங்கிலின் அந்த முனையை நான் வாங்கிக்கொண்டேன். அடிவாரம் வரை எங்கும் உட்காரவில்லை.

மறுநாள் காலை அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருக்க, நண்பன் வலது கையால் கையெழுத்துப் போட்டான். இரண்டு விரல்களை எடுத்தார்கள். கை தப்பியது.