தம்பியின் ஞானஸ்நானச் சீட்டு

கால்பந்தில் பேக் ஆடுகிறவனுக்கு எவனும் மாலை போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பத்து கோலைத் தடுத்தவன் பின்னால் நொண்டிக்கொண்டு வருவான். அறுபதுகளில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை அணிக்கு ஏழு வருடம் ரைட் பேக் ஆடினேன். பந்து ஆடத் தெரிந்தவனை எங்கள் கம்பெனியில் முதலில் டெம்பரரியாகத்தான் எடுப்பார்கள். கோப்பை ஜெயித்தால் யாராவது ஒருவனை நிரந்தரமாக்குவார்கள். அந்த ஒருவன் எப்போதும் கோல் போடுகிற ஃபார்வர்டுதான். என்னோடு சேர்ந்த மூன்று பேர் நிரந்தரமாகிவிட்டார்கள். நான் டெம்பரரியாகவே முட்டியை உடைத்துக்கொண்டேன்.

முட்டி போனதும் விளையாட்டைக் கவனிக்கிற ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். கையில் ஒரு விசிலைக் கொடுத்து, "சின்னப் பசங்க டீமைப் பாத்துக்கப்பா. பதினாறு வயசுக்குட்பட்டவங்க கோப்பையை ஜெயிச்சுக் குடு, உன்னைப் பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு" என்றார். ஜெயிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் அப்போதுதான் இரண்டாவது பெண் பிறந்திருந்தாள்.

ராயபுரத்தில் ஆடிக்கொண்டிருந்த பையன்களிலிருந்து டீம் சேர்த்தேன். அந்தப் பையன்களில் ஒரு அண்ணன், தம்பி. அப்பா ஹார்பரில் வேலை செய்து இறந்துபோனவர். அம்மா மீன் கூடை சுமந்து இருவரையும் வளர்த்தாள். அண்ணனுக்குப் பதினெட்டு, தம்பிக்குப் பதினைந்து. தம்பி என்னைப் போல பேக். அடடா, அவன் ஆடினதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! விழுந்து புரண்டு காலை நீட்டுகிற வேலையே கிடையாது. எதிராளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறானோ அங்கே முன்னாலேயே போய் நின்றிருப்பான். ஏழு வருடம் அடிபட்டு நான் கற்றது அந்தப் பயலுக்கு யாரும் சொல்லாமலே வந்திருந்தது. அவன்மேல் எனக்குப் பொறாமைகூட இருந்தது. இனிமேல் சொல்வதில் என்ன வெட்கம்?

கோப்பைக்கு முன்னால் ஆடிய மூன்று பயிற்சி ஆட்டங்களிலும் எங்களுக்கு எதிராக ஒரு கோல் விழவில்லை. நாங்களும் ஒன்று போடவில்லை. ஆபீசர் பார்க்க வந்தவர், "தடுக்கிறதெல்லாம் சரி, கோல் எங்கப்பா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். அண்ணன்காரன் கோல் போடுவான். ஆனால் வயது தாண்டியவன்.

அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு வயதைக் காட்ட இருந்த ஒரே காகிதம் மாதா கோயிலில் கொடுக்கிற ஞானஸ்நானச் சீட்டுதான். ஃபாரத்தில் போட்டோ ஒட்டுகிற வழக்கமெல்லாம் எங்கள் கோப்பைக்குக் கிடையாது. ஆகவே வயது தாண்டியவனைத் தம்பியின் சீட்டில், தம்பியின் பெயரில் இறக்குவார்கள். கோப்பை முடிந்ததும் சீட்டு வீட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிடும். எல்லா டீமும் செய்ததுதான், யாரும் அதைப் பாவமாக நினைத்ததில்லை. ஆனால் தம்பிக்கு ஆட்டம் வராத வீடாகப் பார்த்துச் செய்வார்கள். அந்த அளவு நியாயம் மற்றவர்களுக்கு இருந்தது.

நான் அவர்கள் அம்மாவை மீன் விற்கிற இடத்திலேயே போய்ப் பார்த்தேன்.

"இன்னா மாஸ்டர், சின்னவன் சீட்ல பெரியவனா? அப்ப சின்னவன் ஆட மாட்டானா?" என்றாள்.

"ஒரே ஒரு கோப்பைக்குத்தாம்மா. அவனுக்கு இன்னா, வயசு கீது. அடுத்த வருசம் ஆடட்டும்."

அடுத்த வருடம் அவனுக்கும் வயது தாண்டிவிடும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. மறுநாள் அந்தச் சீட்டைத் தம்பியே கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

அண்ணன் மீசையை மழித்துக்கொண்டு இறங்கினான். நான் சீட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கத்தினால் அண்ணன் அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பான். கோட்டுக்கு வெளியே தண்ணீர் வாளியோடு நிற்கிற தம்பிதான் திரும்பிப் பார்ப்பான். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இறுதி ஆட்டத்தில் அண்ணன் இரண்டு கோல் போட்டான். ஆபீசர் மைதானத்திலேயே அவனைக் கட்டிப்பிடித்து, "இவனை அப்ரண்டிஸா எடுத்துக்கிறோம்" என்று அறிவித்துவிட்டார். கோப்பைக்குக் கொடுத்த சீட்டையே வேலைக்கும் ஆபீஸ் எடுத்துக்கொண்டது. அதே வாரம் என்னையும் நிரந்தரமாக்கினார்கள். அண்ணன் பயந்துபோய் ஓடிவந்தான்.

"மாஸ்டர், என் பேரை மாத்தி எய்தணுமே?"

"வாயத் தொறக்காத. மொதல்ல உள்ள போ. அப்பாலிக்கா பாத்துக்கலாம்."

அப்பாலிக்கா! ரெஜிஸ்டரில் ஏறின பெயரை எந்தக் காலத்தில் எவன் இறக்கியிருக்கிறான்? அண்ணன் கம்பெனி அணியில் தம்பியின் பெயரில் ஆடினான், தம்பியின் பெயரில் கையெழுத்துப் போட்டான். வீட்டில் மட்டும் பழைய பெயர்.

மூன்று வருடம் கழித்துத் தம்பி என்னைத் தேடி மைதானத்துக்கு வந்தான். நன்றாக வளர்ந்திருந்தான். வேறொரு கம்பெனி அணியில் அவன் ஆட்டத்தைப் பார்த்து உடனே அப்ரண்டிஸாக வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கோயிலில் புதிதாக ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு லீக் ஆபீசில் பெயர் பதியப் போயிருக்கிறான்.

"மாஸ்டர், நான் ஏற்கெனவே உங்க கம்பெனிக்கு ஆடிகினு கீறேனாம். அதே பேரு, அதே அப்பா பேரு, அதே பொறந்த நாளு. ஒருத்தன் ரெண்டு டீம்ல ஆட முடியாதாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்கண்ணன் சீட்டு வூட்ல சும்மாத்தானே கீது, அதைக் குடேன்" என்றேன்.

"அதுல எனக்கு இருவத்தொண்ணு மாஸ்டர். அப்ரண்டிசுக்கு இருவதுக்கு மேல எட்த்துக்க மாட்டாங்களாம்." ஒரு அடி கிட்டே வந்தான். "நீங்க போயி நடந்ததைச் சொன்னா, என் பேர் எனக்கு வந்துடும்."

"உங்கண்ணன் வேலை பூடும்டா."

"அண்ணன் வேலை மட்டுமா மாஸ்டர்?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விசிலை ஊதிப் பையன்களை ஓடவிட்டேன். நான் போகவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள் என்று அதற்கப்புறம் ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் அம்மாவுக்கும் இரண்டு பையன்கள் இருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் எண்ணூர் பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் தம்பியைப் பார்த்தேன். காண்டிராக்டரிடம் நிலக்கரி இறக்குகிற வேலை. கழுத்து மடிப்பிலெல்லாம் கரி. ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவன் பார்த்துவிட்டான். சும்மா நிற்க முடியாமல் அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லா கீறான் மாஸ்டர். சீட்டுப்படி மூணு வருசம் சின்னவனாச்சே, ரிட்டயர் ஆவ மூணு வருசம் கூடக் கெடைக்குதாம். வூட்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்."

அவன் சிரிக்கவில்லை. ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், "ஞாயித்துக்கெயம கிரவுண்டுக்கு வாயேன்டா. பசங்களுக்குப் பேக் ஆடச் சொல்லிக் குடு. ஆபீசர்கிட்ட நான் சொல்லி ரெஜிஸ்டர்ல பேர் எய்தி வைக்கிறேன்" என்றேன்.

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"எந்தப் பேரை மாஸ்டர்?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான்.