குடிக்கிற தண்ணீர்தானே

ஆஸ்பத்திரியில் அவரைச் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். டயாலிசிஸ் பிரிவின் பின்னால் உள்ள தண்ணீர் அறை அவருடையது. காலை ஐந்தரைக்கு வந்து, தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை ஓட விடுவார். பதினைந்து நிமிடம் கழித்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, அதில் மருந்து ஒரு சொட்டு விடுவார். நிறம் மாறவில்லை என்றால் தண்ணீரில் குளோரின் இல்லை. ரோஸ் நிறம் வந்தால் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, பதினேழு வருடமாக இதே வேலை. நோயாளிகளை அவர் தொடுவதில்லை. அவர்களும் அவரைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அவருக்கு எரிச்சல் மூட்ட மூன்று சொற்கள் போதும்: குடிக்கிற தண்ணிதானே சார். புதிய நர்ஸ் கேட்பாள், மேனேஜர் கேட்பார், மின்சாரம் பார்க்க வந்தவர்கூடக் கேட்டுவிட்டுப் போவார். சொட்டு அலுத்துக்கொண்டே விளக்குவார். தண்ணீர் தன்மேல் பட்டதில் பாதியைக் கரைத்துக்கொள்ளும். உப்பும் சர்க்கரையும் ரத்தத்தில் கரைந்து உடம்பெல்லாம் போவதும், கழிவு கரைந்து வெளியேறுவதும் அதனால்தான். உயிர் நடப்பதே அந்தக் குணத்தால். ஆனால் அந்தக் குணத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. நாம் குடிப்பது இரண்டு லிட்டர். வயிறும் குடலும் பார்த்துத்தான் உள்ளே விடும். இங்கே நான்கு மணி நேரத்தில் நூற்றிருபது லிட்டர் ஒருவருடைய ரத்தத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. நடுவில் இருப்பது முடியைவிட மெல்லிய ஒரு சவ்வு. குளோரின் அதைத் தாண்டினால் சிவப்பணுக்கள் உடையும்.

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, மறுவாரம் அதையே கேட்பார்கள்.

வீட்டில் கதை வேறு. "ஊர்த் தண்ணியெல்லாம் பாக்குறீங்க, நம்ம சமையலறைக் குழாய் மூணு மாசமா ஒழுகுது" என்பார் மனைவி. "அது குடிக்கிற தண்ணிதானே" என்பார் சொட்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை குப்பி ரோஸ் நிறமானது. முதல் கரித்தொட்டியைத் தாண்டி வந்த தண்ணீர் அது. குளோரினைப் பிடித்து வைப்பது அந்தக் கரிதான். இரண்டாவது தொட்டியிலும் எடுத்துப் பார்த்தார். அதுவும் ரோஸ். கரியை மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருந்தார். புதுக் கரி மூட்டைகள் வந்து ஸ்டோரில் கிடந்தன. மேனேஜரின் கையெழுத்துதான் வரவில்லை.

பிரதான வால்வை மூடினார். மூடினால் யாராவது திறப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கைப்பிடியைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வார்டில் ஆறு பேர் காத்திருந்தார்கள். முதல் நாற்காலியில் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர்.

"என்னய்யா சொட்டு, ஊசியக் குத்தாம உக்கார வெச்சிருக்காங்க?"

"தண்ணி சரியில்லண்ணே. மத்தியானம் ஆயிடும்."

"மத்தியானமா? பதினோரு மணிக்கு என் பேத்தி ஓட்டப்பந்தயத்துல ஓடுறா. அடுத்த தெருப் பள்ளிக்கூடம். பத்தேகாலுக்கு முடிச்சுருவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மூணு கிலோ தண்ணி உள்ள கிடக்குது, படுத்தா மூச்சு முட்டுது. நீ தண்ணி சரியில்லங்குற!"

அவர் சொன்னதும் உண்மைதான். சிறுநீரகம் நின்றபின் குடித்த ஒவ்வொரு மடக்கும் உள்ளேயே தங்கிவிடும். சிஸ்டர் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்ஸிஜன் மாட்டினார். பிறகு கையில் ஒரு பதிவேட்டோடு சொட்டுவிடம் வந்தார்.

"சார், இதப் பாருங்க. இன்னிக்குத் தேதியில நிறம் இல்லைன்னு எழுதியிருக்கே!"

முந்தின நாள் சொட்டு லீவு. பதிலுக்கு வந்தவன் வேலை மிச்சம் என்று புதன்கிழமை வரைக்கும் ஒரே மூச்சில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தும் போட்டிருந்தான்.

"சிஸ்டர், இப்ப மணி ஆறே கால். இதுல மத்தியானம் ரெண்டு மணிக்கும் நிறம் இல்ல, நாளைக்கும் இல்ல. நாளைக்கு வரப்போற தண்ணிய இவன் எங்க போய்ப் புடிச்சான்?"

"அது வந்து... ஆறு பேர் காத்திருக்காங்க. கண்டக்டருக்கு மூச்சு வாங்குது. லேசான ரோஸ்தானே?"

"லேசா சாவாங்களா?"

சிஸ்டர் பதிவேட்டை மூடிக்கொண்டு போனார். சொட்டு நகராட்சித் தண்ணீர் நிலையத்துக்குப் போன் செய்தார். ராத்திரி எங்கேயோ குழாய் உடைந்து, குளோரினை இரண்டு மடங்காக்கினார்களாம். "பயப்படாதீங்க சார், குடிக்கலாம். குடிக்கிற தண்ணிதானே" என்றது குரல்.

சொட்டு போனை மேசைமேல் குப்புற வைத்தார்.

கையெழுத்துக்குக் காத்திராமல் மூட்டைகளைக் கிழித்தார். பழைய கரியை அள்ளிக் கொட்டி, புதியதை நிரப்பி, கறுப்பு போகும்வரை அலசினார். குப்பி தெளிந்தபோது மத்தியானம் மணி ஒன்றரை. கண்டக்டருக்கு முதலில் போட்டார்கள். அந்நேரம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கோடு போட்ட சுண்ணாம்புகூட அழிந்திருக்கும். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாத ஒன்றை எடுத்துக் காட்டி, நான்தான் தடுத்தேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? மேனேஜரிடமிருந்து, அனுமதியில்லாமல் மூட்டையைக் கிழித்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் வந்தது.

வியாழக்கிழமை கண்டக்டர் நேராகத் தண்ணீர் அறை வாசலுக்கே வந்து நின்றார்.

"மூணாவதா வந்தா. நான் பாக்கல."

சொட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கண்டக்டர் உட்காரவில்லை.

"என்னமோ நிறம் நிறம்னு சொன்னாங்களே. அதக் காட்டு."

"இப்ப முடியாதுண்ணே. இயந்திரம் பதினஞ்சு நிமிஷம் ஓடணும். பன்னெண்டுதான் ஆச்சு."

"மூணு நிமிஷத்துல என்னய்யா ஆயிடும்?"

"மூணு நிமிஷம் கழிச்சுச் சொல்றேன்."

கண்டக்டர் அவரையே பார்த்தார். "உன்கூடக் குடும்பம் நடத்துற மகராசியக் கையெடுத்துக் கும்பிடணும்யா" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.