பக்கத்து மனைக்காரரின் உத்திரம்

ஈப்போவில் எனக்குப் பக்கத்து மனைக்காரர் ஒல்லியாக, சற்றுக் கூனலாக இருப்பார். கூரைக்கு வாங்கிய உத்திரங்களைக் கொட்டகை நிழலில், இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி, இரண்டு வருடம் காற்றிலேயே காயவிட்டார். காலையில் காப்பியோடு வந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். நான் காயாத பச்சை மரத்தையே என் வீட்டுக் கூரைக்கு ஏற்றி, அவருக்கு முன்பே குடிபோனேன். ஒரே மழைக்காலத்தில் என் கூரை வளைந்தது.

அவர் கூரை போட்டு முடித்ததும் தீபாவளிப் பலகாரத்தோடு போனேன். அண்ணாந்ததும் மனம் குளிர்ந்தது. உத்திரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு!

"அண்ணே, வெடிச்சிருச்சே!"

"அது காயும்போதே வெடிச்சதுலா. இனிமே வளையாது. ரெண்டு மிச்சம் இருக்கு, உங்க வீட்டுக்கு எடுத்துக்குங்க."

வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்றும் அங்கே போனால், அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே கூரையைத்தான் பார்க்கிறேன், கொஞ்சமாவது வளைந்திருக்காதா என்று.