பத்துப் படிச் சாமை

எதிர் வீட்டு அக்காவின் மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

கல்வராயன் மலையில் விளைந்த சாமையை விற்கக் கொண்டுவரும் மலைக்கார அம்மா, கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அந்த வீட்டுக்குத்தான் போவார். தவிட்டு நிறம் மாறாத புது அறுப்பு அங்கே இறங்கும். எனக்கு மிச்சம் மீதி. இத்தனைக்கும் அக்காவுக்குப் பேரம் பேசவே தெரியாது. நான் கொசுறு வாங்காமல் விட்டதே இல்லை.

ஒரு மார்கழியில் எனக்கு அந்த மிச்சமும் இல்லை என்றார். வயிறு எரிந்தது. "அவங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்குது?" என்று கேட்டே விட்டேன்.

"அவங்க வெதைக்கறதுக்கு முன்ன, ஆடியிலயே பத்துப் படின்னு சொல்லிட்டாங்க. அத நம்பி வெதச்சோம். மீதி நெலத்துல மரவள்ளி. நீங்க வெல கம்மியா இருந்தாதான் வாங்குவீங்க. பயந்துகினு எம்மாம் வெதைக்கறதுங்க?"

அவர் குரலில் கோபமே இல்லை. அக்கா வாசலுக்கு வந்து, "என்னுதுல ரெண்டு படி எடுத்துக்கயேன்" என்றார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று உள்ளே போய்விட்டேன்.

அடுத்த ஆடி பிறந்ததும் முதல் வேலையாக மலைக்குப் போன் போட்டேன்.

"எதிர் வூட்ல எவ்ளோ சொல்லிருக்காங்க?"

"அதே பத்துதாங்க."

"எனக்கு இருபது. பேரம் பேச மாட்டேன்."

"இருபதுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மார்கழியில் இருபது படியும் முதலில் என் வீட்டில்தான் இறங்கியது. அக்கா நின்று பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தித்தித்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் சாமை பிடிக்காது. அக்கா வாங்குகிறாரே என்றுதான் இத்தனை வருஷமும் வாங்கினேன்.

அந்த அம்மா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்: "நீங்க சொன்னீங்கன்னு ஒரு துண்டு நெலத்துல மரவள்ளிய உட்டுட்டு சாமை போட்டோங்க. அடுத்த வருசமும் இருபதுதானே? நம்பி வெதைக்கலாமா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "வெதைங்க" என்றேன்.

இன்று காலையும் எங்கள் வீட்டில் சாமை உப்புமா. அக்கா பத்துப் படியோடு நிறுத்திக்கொண்டதை நினைத்தால் மறுபடியும் வயிறு எரிகிறது.